டாமர் தொடரும் ஒரு தெருவோரக் காட்சியும்

தொடர் கொலைகாரர்களின் கதைகளை நாம் ஏன் கண்கொட்டாமல் பார்க்கிறோம் என்பதை, 2022இல் நெட்ஃப்ளிக்ஸில் வெளிவந்த, அமெரிக்கத் தொடர் கொலைகாரன் ஜெஃப்ரி டாமரைப் பற்றிய டாமர் தொடரின் ஒரு காட்சி எனக்குப் புரியவைத்தது. 1991 மே மாதம் மில்வாக்கி நகரில், மயக்க மருந்து கொடுக்கப்பட்டு, தெருவுக்குத் தப்பி வந்து தள்ளாடிய 14 வயதுச் சிறுவனை, அங்கிருந்த கறுப்பினப் பெண்கள் எவ்வளவோ எடுத்துச் சொல்லியும், காவலர்கள் கொலைகாரனின் பொய்யை நம்பி அவனிடமே ஒப்படைத்துவிட்டுப் போனார்கள். சிறுவன் கொல்லப்பட்டான், ஜூலையில் டாமர் பிடிபடுவதற்குள் மேலும் நால்வர் உயிரிழந்தனர். காக்க வேண்டியவர்கள் எந்த இடத்தில் கைவிட்டார்கள் என்று அறியும் தவிப்புதான் நம்மை இழுக்கிறது என்று நினைக்கிறேன். ஆனால், பலியான ஒருவரின் சகோதரி நீதிமன்றத்தில் கதறியதை அச்சு அசலாக நடித்துக் காட்டியதை என்னால் ஏற்கவே முடியவில்லை. தன்னிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று அவரே பின்னர் வெளிப்படையாகச் சொன்னார்.