பக்கத்திலேயே தாய்மொழி இருக்கட்டும்

கவுண்டருக்கு அப்பால் இருப்பவர் "என்ன சொன்னீங்க?" என்று கேட்ட நொடியில், முந்தின இரவு முழுக்கச் சொல்லிப் பார்த்த வாக்கியம் தொண்டையோடு நின்றுவிடும். புது நாட்டுக்கு வந்த எல்லோருக்கும் தெரிந்த வலி இது. சொல் தெரியாமலில்லை, பயம் வாயைக் கட்டிவிடுகிறது.

பல்கேரிய மனநல மருத்துவர் கியோர்கி லசானோவ் 1960களில் சோபியாவில் உருவாக்கிய சஜஸ்டோபீடியா என்ற மொழி கற்பிக்கும் முறை, முதலில் இந்தப் பயத்தைத்தான் இறக்கிவைக்கிறது. வகுப்பில் 12 பேர், அரைவட்டமாகச் சாய்வு நாற்காலிகள். முதல் நாளே ஒவ்வொருவருக்கும் புது மொழியில் ஒரு பெயர், ஒரு தொழில். அறுபது வயதுக்காரர் விமானி ஆகிவிடுவார், எல்லோரும் சிரிப்பார்கள். இனி பிழை வந்தால் அது விமானியின் பிழை. ஆனால் சொந்தப் பெயரைப் பிறர் சிதைத்துக் கூப்பிடக் கேட்டு நொந்தவருக்கு இது உறுத்தும். பெயரை ஆசிரியர் சூட்டக் கூடாது, அவரவரே தேர்ந்துகொள்ளட்டும்.

நீண்ட உரையாடலை ஆசிரியர் நடித்துக் காட்டிய பிறகு இரண்டு இசை அமர்வுகள். முதலாவதில் மோட்சார்ட், பீத்தோவன். இசையின் ஏற்ற இறக்கத்தோடு ஆசிரியர் நிதானமாக வாசிப்பார், மற்றவர்கள் தாளைப் பார்த்தபடி கேட்பார்கள். இரண்டாவதில் பாக், விவால்டி. தாளை மூடிச் சாய்ந்துகொள்ள, அதே பாடம் இயல்பான பேச்சு நடையில் வரும். பாட்டும் விளையாட்டும் மறுநாள்தான்.

இலக்கணம் நடத்தும்போது பின்னணியில் இசை ஓடவிட்டால் அது இந்த முறை ஆகாது. பாடல் வரிகள் உள்ள இசையும் வேண்டாம், காது அந்த வரிகளின் பின்னால் போய்விடும். கண்ணை மூடச் சொல்லி வற்புறுத்தவும் கூடாது. போரிலிருந்து தப்பி வந்தவருக்குக் கண்ணை மூடுவதே பதற்றம். ஒரே நாளில் ஆயிரம் சொல் என்ற விளம்பரத்தை நம்ப வேண்டாம்.

பெரிய குறை வேறு. லசானோவின் பாடத்தாளில் புது மொழிக்குப் பக்கத்திலேயே தாய்மொழிப் பெயர்ப்பு இருக்கும். புலம்பெயர்ந்தோர் வகுப்பில் பத்து மொழிக்காரர்கள் என்று காரணம் சொல்லி, முதலில் அதைத்தான் வெட்டுகிறார்கள். பொருள் புரியாதவர் எப்படித் தளர்ந்து உட்காருவார்? ஒவ்வொரு மொழிக்கும் தனித்தாள் அடித்தாலே போதும்.

சில மாதங்களில் கற்பவர்கள் "இப்போ பழகிடுச்சு" என்பார்கள். இரண்டாவது அமர்வில் கண் மூடியதும் சிலருக்குக் கேட்பது ஆசிரியரின் குரலாக இருக்காது, சின்ன வயதில் தூங்கவைத்த குரலாக இருக்கும். கண் கசியும். அப்போது வாசிப்பை நிறுத்தாமல், அதே நடையில் கடைசி வரி வரை வாசித்து முடிக்க வேண்டும்.