ஈபிஏபிஎக்ஸோடு கால் சென்டர் மென்பொருளைக் கோத்தபோது

கோவையில் ஒரு மருத்துவமனை, பெயர் வேண்டாம். அங்கே டாக்டர் அப்பாயின்ட்மென்ட் போட்டுக் கொடுக்க 18 பேர் ஹெட்செட் மாட்டி உட்கார்ந்திருக்கிறார்கள். வார்டு, பார்மசி, லேப், ஐசியூ என்று கட்டடம் முழுக்க இன்டர்காம் கொடுப்பது ஒரு பழைய ஈபிஏபிஎக்ஸ், அதாவது உள்ளே இருக்கும் போன்களையும் வெளி லைனையும் இணைக்கும் எக்ஸ்சேஞ்ச் பெட்டி. வெளியிலிருந்து வருவது ஒரு பிஆர்ஐ லைன், ஒரே சமயத்தில் பல அழைப்புகளைச் சுமக்கும் டிஜிட்டல் லைன். நோயாளிகளின் விவரமெல்லாம் மருத்துவமனையின் சொந்த மென்பொருளில். போன் அடிக்கும்போதே அழைப்பவரின் பெயரும் பழைய விவரமும் ஏஜென்ட் ஸ்கிரீனில் வந்து நிற்க வேண்டும், அதுதான் எங்களுக்குக் கொடுத்த வேலை. ஸ்கிரீன் பாப் என்பார்கள். காதில் விழும்போது ஒரு வார வேலை மாதிரி இருக்கும். மூன்று மாதம் ஆனது, அதில் பெரும்பகுதி ஒரே கேள்விக்குப் போனது: ஓர் அழைப்பு என்று எதைச் சொல்வது?

முதலில் பெட்டியைப் பற்றி. ஈபிஏபிஎக்ஸோடு ஒரு மென்பொருள் நேரடியாகப் பேச சிஎஸ்டிஏ என்று ஒரு தரம் இருக்கிறது, எக்மா அமைப்பு 1992-இல் வெளியிட்டது. பெரிய எக்ஸ்சேஞ்சுகளில் தனி லைசென்ஸ் வாங்கினால் கிடைக்கும். இந்தப் பெட்டியில் அது இல்லை. இருந்தது எஸ்எம்டிஆர் மட்டும், அதாவது அழைப்பு முடிந்த பிறகு யார், எப்போது, எவ்வளவு நேரம் என்று ஒரு வரி வெளியே தள்ளும். பில் போட அது போதும். ஆனால் பேசி முடித்த பிறகு பெயர் தெரிந்து என்ன பயன்? அதனால் நடுவில் ஒரு ஆஸ்டெரிஸ்க் சர்வர் வைத்தோம். 1999-இல் மார்க் ஸ்பென்சர் தொடங்கிய திறமூல மென்பொருள், சாதாரண கம்ப்யூட்டரையே போன் எக்ஸ்சேஞ்சாக்கிவிடும், இன்றைக்கும் சின்ன கால் சென்டர்களில் பாதி வேலையை அதுவே முடித்துக் கொடுத்துவிடும்.

அதை எங்கே வைப்பது என்பதில் பெரிய விவாதம். பிஆர்ஐ லைனை நேராக சர்வரில் இறக்கிவிட்டு ஈபிஏபிஎக்ஸை அதற்குப் பின்னால் போட்டால் என் வேலை சுலபம், அழைத்தவர் எண்ணும் துண்டிப்புக் காரணமும் எதுவும் திரியாமல் அப்படியே கையில் கிடைக்கும். ஆனால் நள்ளிரவில் என் சர்வர் படுத்துவிட்டால் வெளியிலிருந்து ஐசியூவுக்கு வரும் அழைப்பும் நின்றுவிடும். மருத்துவமனையில் அந்த ரிஸ்க்கை எடுக்க எனக்கு மனம் வரவில்லை. ஈபிஏபிஎக்ஸ் முன்னால் இருக்கட்டும், நாங்கள் அதன் பின்னால் இரண்டாவது இ1 கார்டு வழியாகத் தொங்குவோம் என்று முடிவு செய்தோம். இ1 என்பது பிஆர்ஐ ஓடும் டிஜிட்டல் இணைப்பு. அதில் 32 டைம்ஸ்லாட், அதாவது தனித்தனிப் பாதைகள், ஒன்று ஒத்திசைவுக்கு, ஒன்று சிக்னலிங்குக்கு, மீதி 30 பேச்சுக்கு. 18 ஏஜென்டுக்குத் தாராளம் என்று நினைத்தோம். அதைப் பிறகு சொல்கிறேன்.

ஆஸ்டெரிஸ்க் தனக்குள் நடப்பதையெல்லாம் ஏஎம்ஐ என்ற வாசல் வழியாகச் சொல்லிக்கொண்டே இருக்கும். டிசிபி போர்ட் 5038, வெறும் டெக்ஸ்ட். புது சேனல் (அழைப்பின் ஒரு முனை) பிறந்தது, மணி அடிக்கிறது, இருவரும் பிரிட்ஜில் (முனைகளைச் சேர்த்துப் பேசவைக்கும் இடம்) சேர்ந்தார்கள், வைத்துவிட்டார்கள் என்று ஒவ்வொரு ஈவென்ட்டும் வரிவரியாக வந்து கொட்டும். இங்கே ஒரு எச்சரிக்கை: 2013-இல் வந்த 12-ஆம் பதிப்பில் இந்த ஈவென்ட்களின் பெயர்களையே மாற்றிவிட்டார்கள். முன்பு 'டயல்' என்று ஒன்று வரும், இப்போது 'டயல்பிகின்', 'டயல்எண்ட்' என்று இரண்டு. இணையத்தில் கிடைக்கும் பழைய மாதிரி நிரலை எடுத்துப் போட்டால் அது வராத ஈவென்ட்டுக்காகக் காத்துக்கொண்டே இருக்கும். எர்ரரும் வராது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நீங்களும் நானும் ஒரு அழைப்பு என்று சொல்வது, அழைப்புகளை இணைக்கும் சுவிட்சுக்கு, அதாவது எங்கள் ஆஸ்டெரிஸ்குக்கு, ஒன்று அல்ல. நோயாளியின் பக்கம் ஒரு சேனல், ஏஜென்டின் போன் ஒரு சேனல், நடுவில் லோக்கல் சேனல் (ஆஸ்டெரிஸ்க் தனக்குள்ளேயே உருவாக்கும் கற்பனைச் சேனல்) போட்டிருந்தால் இன்னும் இரண்டு. ஒவ்வொன்றுக்கும் தனி யூனிக்ஐடி, யூனிக்ஸ் நேரத்தில் விநாடியை எழுதி ஒரு புள்ளி வைத்து வரிசை எண் போட்டது. இவை எல்லாவற்றையும் ஒரே அழைப்பாகக் கட்டுவது லிங்க்டுஐடி என்ற இன்னொரு எண். நாங்கள் யூனிக்ஐடியைப் பிடித்து எழுதினோம். டெஸ்டில் எல்லாம் ஓடியது, ஏனென்றால் டெஸ்டில் யாரும் டிரான்ஸ்பர் செய்து பார்க்கவில்லை.

லைவ் போன நாலாவது நாள். அங்கே எல்லாருக்கும் சீனியரான அக்கா ஒருவர், ஹெட்செட்டைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். கண் டாக்டரைப் பார்க்க ஒரு அம்மா அழைத்திருக்கிறார், இன்னொரு ஏஜென்ட் எடுத்து, இந்த அக்காவுக்கு டிரான்ஸ்பர் செய்திருக்கிறார். அக்காவின் ஸ்கிரீனில் ஒரு பெயர் நின்றிருந்தது. அந்தப் பெயரைச் சொல்லி, "உங்க கீமோ வியாழக்கிழமைதானுங்களே?" என்று கேட்டிருக்கிறார்.

"தம்பி, அந்தம்மா குரல் நடுங்கிருச்சு. தப்பா வந்துருச்சும்மா, மன்னிச்சுக்குங்கன்னு எத்தனையோ வாட்டி சொன்னேன். வைக்கிற வரைக்கும் 'நெசமா எனக்கு இல்லீங்களே, நெசமா எனக்கு இல்லீங்களே'ன்னு கேட்டுட்டே இருந்தாங்க."

அன்றைக்கு மதியமே ஸ்கிரீன் பாப்பை நிறுத்தினோம். ஒருவரின் நோய் விவரம் இன்னொருவர் காதில் விழுந்திருக்கிறது, இதைச் சின்ன பக் என்று சொல்ல என்னால் முடியவில்லை.

நடந்தது இதுதான். முதல் ஏஜென்ட் நோயாளியை ஹோல்டில் போட்டுவிட்டு அக்காவை அழைக்கிறார். சுவிட்சைப் பொறுத்தவரை அது புத்தம்புது அழைப்பு, அழைத்தவர் எண் என்று போவது ஏஜென்டின் நாலு இலக்க எக்ஸ்டென்ஷன், லிங்க்டுஐடியும் வேறு. எங்கள் நிரல் மணி அடிக்கும்போது மட்டும்தான் தேடும். எக்ஸ்டென்ஷன் எண்ணில் எந்த நோயாளியும் இல்லை என்பதால் பேசாமல் இருந்துவிட்டது, அதற்கு முந்தைய நோயாளியின் பக்கம் அப்படியே திறந்து கிடந்தது. முதல் ஏஜென்ட் விலகி, நோயாளியும் அக்காவும் ஒரே பிரிட்ஜில் சேர்கிற அந்தக் கணத்தில்தான் பழைய லிங்க்டுஐடி இந்தப் பக்கமும் வந்து ஒட்டுகிறது. நாங்கள் அந்தக் கணத்தைக் கவனிக்கவே இல்லை.

திருத்தியது இரண்டு இடத்தில். ஒன்று, பிரிட்ஜில் ஆள் மாறும்போதெல்லாம் லிங்க்டுஐடியை வைத்து மறுபடி தேடுவது. இரண்டாவதுதான் எனக்கு முக்கியம்: அழைப்பு முடிந்த நொடியே ஸ்கிரீன் காலியாகிவிடும், யார் என்று உறுதியாகாத வரை காலியாகவே இருக்கும். மேனேஜருக்கு இது பிடிக்கவில்லை, காலி ஸ்கிரீனைப் பார்த்தால் சிஸ்டம் வேலை செய்யவில்லை என்று நினைப்பார்கள் என்றார். தப்பான பெயரைவிடப் பெயர் இல்லாததே மேல் என்று நான் விடாமல் நின்றேன். அந்த அக்காவும் எனக்காகப் பேசினார், அதற்குப் பிறகுதான் ஒத்துக்கொண்டார்கள்.

அழைப்பவரின் எண்ணை நோயாளி விவரத்தோடு பொருத்துவதிலும் நிறையப் பாடம் கிடைத்தது. ஒரே மொபைல் எண் சில சமயம் பத்து இலக்கமாக, சில சமயம் முன்னால் 0 போட்டு, சில சமயம் 91 போட்டு வரும், பிறகு கடைசிப் பத்து இலக்கத்தை மட்டும் எடுத்துப் பொருத்தினோம். அது சுலபம். சுலபம் இல்லாதது, ஒரே எண்ணில் நாலு நோயாளிகள். கிராமத்திலிருந்து வரும் குடும்பங்களில் பாட்டி, அப்பா, குழந்தை எல்லாருக்கும் மகனின் மொபைல் எண்தான் கொடுத்திருப்பார்கள். கடைசியாக வந்தவரைத் தானாகத் திறந்துவிடலாம் என்று யோசனை வந்தது, வேண்டாம் என்று விட்டோம். நாலு பெயரும் பட்டியலாக வரும், யாருக்காகப் பேசுகிறீர்கள் என்று கேட்டு ஏஜென்ட் தொடுவார். மூன்று விநாடி கூடுதல், போகட்டும்.

வெளியே போகும் நினைவூட்டல் அழைப்புகளில் வேறு தலைவலி. அழைப்பு ஏன் முடிந்தது என்று ஒரு காரணக் குறியீடு வரும். எண் பிஸி என்றால் 17 வர வேண்டும், எடுக்கவில்லை என்றால் 19. நடுவில் இருந்த ஈபிஏபிஎக்ஸ் எல்லாவற்றையும் 16 ஆக்கி அனுப்பியது, அதாவது ஒழுங்காக முடிந்த அழைப்பு. தானாக எண்களை அழைக்கும் எங்கள் டயலரும் பேசியாயிற்று என்று குறித்துக்கொண்டு மறுபடி அழைக்கவே இல்லை. பெட்டியின் அமைப்பில் ஒரே ஒரு ஆப்ஷனை மாற்றியதும் சரியானது, அந்த ஆப்ஷனைத் தேடிப் பிடிக்க ஒன்பது நாள்.

அப்புறம் ஏஎம்ஐ இணைப்பு அறுந்து மறுபடி சேரும்போது, இடையில் நடந்ததை ஆஸ்டெரிஸ்க் திரும்பச் சொல்லாது. ஒரு நாள் நெட்வொர்க் சுவிட்ச் மாற்றினார்கள், அரை நிமிடம்தான், மூன்று ஏஜென்ட் பேசாமலே 'பேச்சில்' என்று நின்றார்கள். இணைந்தவுடன் 'கோர்ஷோசேனல்ஸ்', 'க்யூஸ்டேட்டஸ்' என்ற இரண்டு கட்டளைகளையும் அனுப்பி, இப்போது எந்தச் சேனல்கள் இருக்கின்றன, க்யூ எப்படி இருக்கிறது என்று கேட்டு நிலைமையைப் புதிதாகக் கட்டிக்கொள்ள வேண்டும். முதல் நாளே எழுதியிருக்க வேண்டிய நிரல் இது.

உங்களிடம் இப்படி வேலை வந்தால் ஸ்கிரீன் டிசைனைத் திறப்பதற்கு முன் டெல்நெட்டில் (ஒரு போர்ட்டுக்கு நேரடியாக இணைந்து டெக்ஸ்ட்டைப் பார்க்கும் கருவி) 5038-க்குள் போய் உட்காருங்கள். இரண்டு போனை வைத்துக்கொண்டு சாதா அழைப்பு, ஹோல்டு, கேட்காமல் டிரான்ஸ்பர், கேட்டுவிட்டு டிரான்ஸ்பர், பாதியில் வைத்துவிடுவது, க்யூவில் காத்திருந்து வெறுத்து வைத்துவிடுவது என்று ஒவ்வொன்றாகச் செய்து, வருகிற ஈவென்ட் அத்தனையையும் கோப்பில் போட்டு, தாளில் படம் வரைந்து பாருங்கள். நாங்கள் அதைச் செய்தது அந்த அம்மா அழைத்த பிறகு.

அந்த 30 சேனல் விஷயம் இன்னும் முடியவில்லை. ஏஜென்ட் ஒரு அழைப்பை வார்டுக்கு மாற்றினால் அது வந்த இ1 வழியாகவே திரும்பிப் போகிறது, வைக்கும் வரை இரண்டு சேனல் பிடித்துக்கொள்கிறது. காலை பத்து மணிக்கு லேப் ரிப்போர்ட் கேட்டு அழைப்பவர்கள் கூடும்போது 30-உம் தீர்ந்து, அடுத்து வருபவருக்கு லைன் கிடைப்பதில்லை. எக்ஸ்சேஞ்சுகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் க்யூசிக் நெறிமுறையில் இந்தச் சுற்றுப் பாதையை வெட்டிவிட ஒரு வழி இருக்கிறது, இந்தப் பெட்டி அதற்கு ஒத்துக்கொள்கிறதா என்று வருகிற ஞாயிறு இரவு, அழைப்பு குறைந்த நேரமாகப் பார்த்து, போட்டுப் பார்க்கப் போகிறோம்.