ஒரு கட்டடம், நாலு துறை, ஒரே மீட்டர்

எங்கள் ஊராட்சி அலுவலகக் கட்டடத்தில் ஊராட்சி மட்டும் இல்லை. முன்கூடத்தில் அலுவலகம், அதை ஒட்டிய அறையில் விஏஓ, பின்பக்கம் ஊர்ப்புற நூலகம், தெற்கு ஓரத்தில் ரேஷன் கடை. விஏஓ வருவாய்த் துறை, நூலகம் மாவட்ட நூலக ஆணைக்குழு, ரேஷன் கடை கூட்டுறவுச் சங்கம். எல்லாருக்கும் மேலே ஒரே மொட்டை மாடி. எல்லாருக்கும் சேர்த்து ஒரே கரண்ட் மீட்டர். கொல்லைப்பக்கம் ஒரே கழிவறை, அதுவும் பூட்டியே கிடக்கும்.

2019 டிசம்பர் தேர்தலில் வார்டு உறுப்பினராக ஜெயித்து, ஜனவரியில் துணைத் தலைவராகவும் ஆனபோது, இந்தக் கட்டடம் என் தலையில் விழும் என்று நினைக்கவில்லை. அடுத்த மழைக்காலத்தில் நிஜமாகவே விழுந்தது. நல்லவேளை, தலையில் இல்லை. நூலக மேசை மேல். 2020 நவம்பரில் நிவர் புயல் போய், பின்னாலேயே புரெவி வந்து டெல்டாவை ஊறப்போட்ட சமயம். கொரோனாவால் நூலகத்துக்கு ஆள் வருவது குறைந்திருந்ததால் யாருக்கும் அடி இல்லை. காலையில் நூலகர் கதவைத் திறந்தால், விட்டத்துப் பூச்சு முறம் அளவுக்குப் பெயர்ந்து மேசை மேல் கிடக்கிறது. மேலே துருப்பிடித்த கம்பி தெரிகிறது.

ஒழுகல் புதுசு இல்லை. 2018 நவம்பரில் கஜா அடித்தபோது பக்கத்துத் தென்னை சாய்ந்து கைப்பிடிச் சுவரை உடைத்துவிட்டுப் போயிருந்தது. அப்போது தேர்ந்தெடுத்த தலைவரும் கிடையாது, உறுப்பினரும் கிடையாது. 2016 முதல் அரசு நியமித்த தனி அலுவலர்கள்தான். வீடு இழந்தவர்களுக்கு ஓடவே அவர்களுக்கு நேரம் போதவில்லை. உடைந்த சுவரில் ஒரு தார்ப்பாயைப் போட்டுக் கட்டியதோடு சரி. அந்தத் தார்ப்பாய்க் கிழிசல் நான் மாடி ஏறியபோதும் அங்கேதான் இருந்தது.

மாடிக்குப் படி கிடையாது. மூங்கில் ஏணி வைத்து ஏறினோம், நானும் கொத்தனாரும். மாடியில் பதித்த தட்டை ஓடு, தட்டோடு என்போமே, பாதி இடத்தில் உப்பி நின்றது. அவர் சுத்தியல் பிடியால் ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே போனார். நல்ல இடத்தில் கணீரென்றும், கெட்ட இடத்தில் பொத்தென்றும் சத்தம் வந்தது. சாக்பீஸால் கெட்ட இடத்தைச் சுற்றிக் கோடு போட்டார். முடித்தபோது மாடியில் பாதிக்கு மேல் கோட்டுக்குள் இருந்தது. தண்ணீர் இறங்கும் குழாய் வாயில் வேப்பிலை மக்கி அடைத்து, அதற்குள் பிள்ளைகள் விளையாடிய ரப்பர் பந்து ஒன்று. கைப்பிடிச் சுவர் இடுக்கில் அரசங்கன்று இடுப்பு உயரம்.

“வெட்டிடலாமா?” என்றேன்.

“வெட்டுனா ரெண்டே மாசத்துல திரும்ப வந்து நிக்கும்க்கா. வேரோட கிளப்பணும். வேரு எதுவரைக்கும் போயிருக்குன்னு சுவத்த உடைச்சாத்தான் தெரியும்.”

மராமத்து என்றால் கொத்தனாரைக் கூப்பிட்டுக் காசு கொடுப்பது என்று நாம் நினைக்கிறோம். ஊராட்சியில் அதற்கு முன்னால் இரண்டு கேள்விகள் உண்டு. கட்டடம் யாருடையது? எந்தக் கணக்குப் பணம்? இரண்டிலும் ஆளுக்கொரு பதில் வந்தது.

முதல் கேள்விக்கு விஏஓ கொடுத்த பதில்தான் என்னை உட்கார வைத்தது. கிராமக் கணக்கில், எந்த நிலம் யாருடையது என்று எழுதும் ‘ஏ’ பதிவேட்டைப் புரட்டிக் காட்டினார். அந்த சர்வே எண் சர்க்கார் புறம்போக்கு, ‘சாவடி’ என்று எழுதியிருக்கிறது. பழைய கிராமச் சாவடி இருந்த இடமாம். “இது ரெவின்யூ இடம் மேடம். நாங்கதான் உங்களுக்கு இடம் குடுத்திருக்கோம்” என்று சிரித்துக்கொண்டே சொன்னார். சரி, நீங்களே கூரையைச் சரிசெய்யுங்கள் என்றால், அதற்குத் தன்னிடம் நிதி இல்லை என்றார். உரிமைக்கு ஆள் உண்டு, செலவுக்கு ஆள் இல்லை. நாலு துறையிலும் இதே கதைதான்.

எங்கள் சொத்துப் பதிவேட்டைத் தேடினோம். மேல்நிலைத் தொட்டி, கைப்பம்பு, சுடுகாட்டுக் கொட்டகை எல்லாம் இருந்தன. உட்கார்ந்து வேலை பார்க்கும் கட்டடம் மட்டும் இல்லை! பதிவேட்டில் இல்லாத கட்டடத்துக்குச் செலவு மதிப்பீடு போட முடியாது என்று ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். பழைய தீர்மானப் புத்தகங்களைத் தூசு தட்டினார் எங்கள் ஊராட்சிச் செயலர். கட்டியது ஊராட்சிப் பணத்தில்தான் என்பதற்கான தீர்மானமும், கொத்து வேலையை அளந்து எழுதிய பழைய எம்.புக் (அளவுப் புத்தகம்) பக்கங்களும் கிடைத்தன. நிலம் சர்க்கார் புறம்போக்கு, கட்டடம் ஊராட்சிச் சொத்து என்று பிரித்து எழுதி, சர்வேயர் வந்து அளந்த வரைபடத்தையும் சேர்த்துப் பதிவேட்டில் ஏற்றினோம். எழுதியது ஒரே வரி. மராமத்தில் பாதி வேலை அந்த வரியில் முடிந்தது என்றுதான் இன்றும் சொல்வேன்.

கிராம சபையில் வைத்து வேகமாகத் தீர்மானம் போட்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். 2020இல் ஆகஸ்ட் 15 சபையும் இல்லை, அக்டோபர் 2 சபையும் இல்லை, கொரோனாவால் ரத்து. 2021 அக்டோபர் 2 அன்றுதான் சபை கூடியது. அதில் வைத்தோம். ஒரு பெரியவர் எழுந்து, “ஒழுவுற கட்டடத்துக்கு எதுக்குச் செலவு? இடிச்சுட்டுப் புதுசு கேளு” என்றார். ஒன்றியத்திலும் இதைத்தான் சொன்னார்கள். புதுக் கட்டடத்துக்கு என்றைக்காவது ஒரு திட்டம் வரும். கல்வெட்டு வைக்கலாம், திறப்பு விழா நடத்தலாம். ஒழுகலை அடைத்ததற்கு யார் ரிப்பன் வெட்டுவார்கள்? ஆனால் அந்தத் திட்டம் வரும்வரை நூலகமும் ரேஷன் அரிசியும் நனைந்துகொண்டிருக்கும். தூணும் உத்திரமும் நன்றாக இருக்கும் கட்டடத்தை மாடித் தளம் ஒன்றுக்காக இடிப்பதில் எனக்குச் சம்மதம் இல்லை. சபையிலும் அதையே பேசினேன். பழுது பார்க்கத்தான் தீர்மானம் நிறைவேறியது.

இனி பணம். ஊராட்சியில் பணம் இல்லை என்று சொல்வது பாதி உண்மை. பணத்துக்குப் பெயர் இருக்கிறது. அந்தப் பெயருக்குத்தான் செலவழிக்கலாம். வீட்டுவரி, தொழில்வரி போன்றவை முதல் கணக்கு. கரண்ட் பில்லும் குடிநீர் வாரிய பில்லும் இரண்டாம் கணக்கு. திட்டப் பணிகளுக்கு வேறு கணக்கு. மத்திய அரசு தந்த பதினைந்தாவது நிதிக்குழு மானியத்திலோ 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்று கட்டிப்போட்டது, 40 சதவீதம்தான் கட்டில்லாதது. கூரையைக் கட்டுண்ட பணத்தில் தொட முடியாது. ஆனால் கழிவறை சுகாதாரம். மாடித் தண்ணீரைக் குழாய் வழியாகத் தொட்டியில் இறக்கினால் அது மழைநீர்ச் சேகரிப்பு, அதுவும் கட்டுண்ட பணத்தின் வரம்புக்குள் வருகிறது. இதை எடுத்துச் சொன்னவர் ஒன்றியத்து உதவிப் பொறியாளர். ஒரே மதிப்பீடாகப் போட்டிருந்தால் வேலை நின்றிருக்கும். மூன்றாகப் பிரித்தார்: தளம் முதல் கணக்கில், கழிவறையும் மழைநீர்க் குழாயும் கட்டுண்ட மானியத்தில், நூலகச் சுவர்ப் பூச்சு கட்டில்லாத மானியத்தில். ஓவர்சியர் மட்டும் என்ன சந்தேகம் என்றாலும் என் வீட்டுக்காரருக்குத்தான் போன் செய்வார். பில்லில் ஒப்புதல் போட வேண்டியவள் நான் என்று வீட்டுக்காரரே ஒரு தடவை சொல்லி போனை என்னிடம் நீட்டியபிறகுதான் அது நின்றது.

மீட்டர் கதை தனி. இரண்டாம் கணக்கில் மோட்டார் பில், தெருவிளக்கு பில்லோடு கட்டடத்து பில்லும் ஒன்றாகக் கட்டிக்கொண்டிருந்தோம். யாரும் தனியாகப் பார்த்ததில்லை. நான் மீட்டர் அட்டையைப் பிரித்துப் பார்த்தேன். அலுவலகத்தில் இரண்டு ஃபேன், ஒரு கம்ப்யூட்டர். இந்த யூனிட் அதற்கு அதிகம். ரேஷன் கடையில் மின்தராசு, பில் போடும் கருவிக்குச் சார்ஜ், பகல் முழுக்க ஃபேன், விஏஓ அறையில் ஃபேன், பிரிண்டர், நூலகத்தில் ட்யூப்லைட். எல்லாம் ஊராட்சி செலவில்.

ஆளுக்கொரு மீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள் என்று மூன்று துறைக்கும் கடிதம் போனது. நூலகத் தரப்பிலிருந்துதான் முதலில் பதில் வந்தது, பதில் சுள்ளென்று இருந்தது. வீட்டுவரியில் ரூபாய்க்கு 10 காசு நூலக வரி சேர்த்து வசூல் செய்கிறோம் அல்லவா, அதை நாங்கள் முழுசாகக் கட்டவில்லையாம். பாக்கியைக் கட்டுங்கள், பிறகு மீட்டரைப் பேசலாம். கணக்கைப் பார்த்தால் அவர்கள் சொன்னது சரி. தனி அலுவலர் காலத்திலிருந்தே நிலுவை. மக்களிடம் நூலகத்துக்கென்று வாங்கிய காசு, வேறு செலவில் கரைந்திருந்தது. தலைவருக்கு அதைக் கட்ட மனமில்லை. தளம் போட வைத்த பணம் குறையுமே என்றார். நியாயம்தான். ஆனால் நம் கையில் அவர்கள் பாக்கியை வைத்துக்கொண்டு அவர்களிடம் மின்கட்டணம் கேட்க முடியுமா? இரண்டு தவணையாகக் கட்டினோம். அடுத்த பட்ஜெட்டில் நூலகத்துக்குத் தனி இணைப்பு வந்துவிட்டது. இணைப்புக்கு விண்ணப்பிக்க மின்வாரியம் கேட்ட ஆட்சேபணை இல்லாக் கடிதத்தில், சொத்துப் பதிவேட்டின் அந்த வரிதான் ஆதாரம்.

தள வேலையை மழைக்கு முன்னால், ஆடி ஆவணியில் வைத்துக்கொண்டோம். பழைய தட்டோட்டையும் அடியில் இருந்த சுருக்கி (செங்கல் தூள், சுண்ணாம்புக் கலவை) தளத்தையும் கொத்தி எடுத்தார்கள். வந்த இடிபாட்டிலேயே ரேஷன் கடை வாசல் பள்ளத்தை மேடாக்கினோம். செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து புதுத் தளம், குழாய் வாய் பக்கமாக வாட்டம், அதாவது சரிவு, பார்த்து. கொத்தனார் நூல் கட்டி வாட்டம் பார்த்த நேரம், தளத்தை அடித்த நேரத்தைவிட அதிகம். அரசங்கன்றின் வேர் நூலகச் சுவருக்குள் ஒரு முழம் போயிருந்தது. தட்டோடு பதித்து இடுக்குப் பூசியபின், குழாய் வாயைத் துணியால் அடைத்து மாடியில் தண்ணீர் கட்டி ஒருநாள் விட்டார்கள். கீழே நானும் நூலகரும் விட்டத்தை அண்ணாந்து பார்த்தபடி. விஏஓ அறை மூலையில் மட்டும் ஓதம் தெரிந்தது. அந்த இடத்தை மறுபடி எடுத்துப் போட்ட பிறகுதான் எம்.புக்கில் அளவு ஏறியது. பில் போடும் அவசரத்தில் இந்தத் தண்ணீர் சோதனையைத்தான் பல இடங்களில் விட்டுவிடுகிறார்கள்.

கழிவறை சீக்கிரம் முடிந்துவிட்டது, அதில் சொல்ல ஒன்றுமில்லை. சாவி யாரிடம் என்பதுதான் பாக்கி. நாலு துறைக்கும் ஒவ்வொரு சாவி கொடுத்தோம். பெருக்குவது யார் என்பதில் பெரிய சண்டையே வந்தது. தெருக்குப்பை எடுக்கும் தூய்மைக் காவலர் அக்காவை ரேஷன் கடை உள்பட முழுக் கட்டடத்தையும் பெருக்கச் சொல்லிப் பழக்கியிருந்தார்கள். அதை நிறுத்தினோம், அவரவர் அறை அவரவர் பொறுப்பு என்று எழுதி நாலு பேரிடமும் கையெழுத்து வாங்கினோம். புரட்டாசியில் மாடிக் குழாய் வாயைச் சுத்தம் செய்வது ஊராட்சி வேலை என்றும் அதே தாளில் இருக்கிறது.

2025 ஜனவரி 5ஆம் தேதியோடு எங்கள் பதவிக்காலம் முடிந்து மறுபடி தனி அலுவலர் வந்துவிட்டார். ஊராட்சிச் செயலர் அந்தத் தாளின் நகலைப் பதிவேட்டுக்குள் வைத்துக் கொடுத்திருக்கிறார். விஏஓ அறையின் கரண்டுக்கு உள்மீட்டர் வைத்துக் கணக்கு எழுதுகிறார்கள், பணம் வந்தபாடில்லை. ரேஷன் கடை மீட்டர் இன்னும் பிரியவே இல்லை. தனி மீட்டருக்கு ஒத்துக்கொண்ட கூட்டுறவுச் சங்கச் செயலர் மாற்றலாகிவிட்டார், புதியவர் கோப்பே தன்னிடம் இல்லை என்கிறார். மறுபடி ஒரு மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன். துணைத் தலைவர் என்று கையெழுத்துப் போட முடியாது. குடும்ப அட்டைதாரர் என்று போட்டிருக்கிறேன்.