மைனர், சாமி, கம்பெனி: ஒப்பந்தச் சட்ட அரியரை நான் எழுதி முடித்த விதம்

எல்.எல்.பி. முதல் செமஸ்டரில் எனக்கு ஒப்பந்தச் சட்டத்தில் அரியர் விழுந்தது. விடைத்தாள் நகலுக்குப் பணம் கட்டி வாங்கிப் பார்த்தேன். தாத்தா எழுதிவைத்த வீட்டை 16 வயதுப் பையன் ஒருவன் அடமானம் வைக்கிறான், அது செல்லுமா என்பது கேள்வி. "மைனர் சட்டத்தின் பார்வையில் நபரே அல்ல, அதனால் அடமானம் செல்லாது" என்று எழுதியிருந்தேன். ஓரத்தில் சிவப்பு மையில் ஒரே ஒரு வரி: "அப்படியானால் வீடு யாருடையது?"

அந்த ஒரு வரிதான் எனக்கு இந்தப் பாடத்தைத் திறந்துவிட்டது. அடமானம் செல்லாது என்ற முடிவு சரி. சொன்ன காரணம் அடியோடு தப்பு. பையன் நபர் இல்லையென்றால் வீடு அவனுக்குச் சொந்தமாகவே முடியாது. அவன் சட்டத்தில் முழு நபர். பிறந்த குழந்தை பெயரில்கூட பத்திரம் பதியலாம். இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956, பிரிவு 20 இன்னும் ஒரு படி மேலே போய், அப்பா இறக்கும்போது வயிற்றில் இருந்த குழந்தைக்கும், உயிரோடு பிறந்துவிட்டால், பங்கு தருகிறது. பையனுக்கு இல்லாதது வேறு: தானே கையெழுத்துப் போட்டுத் தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்ளும் தகுதி. ஆக, எந்தக் கேள்வி வந்தாலும் இரண்டாகப் பிரித்துக் கேளுங்கள். இவருக்கு உரிமை இருக்க முடியுமா? அந்த உரிமையை வைத்து இவரே காரியம் செய்ய முடியுமா? முதலாவது சட்ட நபரா என்ற கேள்வி, இரண்டாவது செயல்தகுதி.

எனக்கு இது மனதில் உட்கார்ந்தது வீட்டுப் பெட்டியில் இருந்த ஒரு பழைய கிரயப் பத்திரத்தால். அப்பா சிறுவனாக இருந்தபோது அவர் பெயரில் இருந்த ஒரு மனையை விற்ற பத்திரம் அது. எழுதிக்கொடுப்பவர் இடத்தில் முதலில் அப்பா பெயர், பெயருக்கு முன்னால் 'மைனர்' என்று. அடுத்து, 'மைனருக்காகத் தாயும் கார்டியனுமான' என்று பாட்டி பெயர். கீழே பாட்டியின் கைநாட்டு. நடுவில் ஒரு பத்தி முழுக்க, விற்பதற்கு நீதிமன்றம் கொடுத்த அனுமதி பற்றி. சொத்து அப்பாவுடையது, கை பாட்டியுடையது. இரண்டு கேள்விக்கும் விடை அந்த ஒரே பக்கத்தில் இருந்தது. உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பத்திரம் இருக்கலாம், தேடிப் பாருங்கள். எந்த கைடும் தராத தெளிவை அது தரும்.

அந்த நீதிமன்ற அனுமதி ஏன் என்பதும் பரீட்சைக்கு வேண்டும். இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டம் 1956, பிரிவு 8: இயற்கைக் காப்பாளர், அதாவது நீதிமன்றம் நியமிக்காமலேயே கார்டியனாக இருக்கும் அப்பாவோ அம்மாவோ, மைனரின் நிலத்தையோ வீட்டையோ அனுமதி இல்லாமல் விற்றால், மைனர் அதை ரத்து செய்யக் கோரலாம். மேஜரான (சட்டப்படி வயது வந்த) பிறகு மூன்று வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும். அதாவது, மைனர் தானே போட்ட ஒப்பந்தம் ஆரம்பத்திலிருந்தே செல்லாது. கார்டியன் அனுமதியின்றி விற்றதோ, மைனர் வேண்டாம் என்று சொல்லும்வரை நிற்கும். இந்த இரண்டையும் குழப்பிவிட்டால் பிராப்ளம் கேள்வி கையைவிட்டுப் போய்விடும். யார் கையெழுத்துப் போட்டார் என்பதைக் கேள்வித்தாளிலேயே அடிக்கோடிடுங்கள்.

அப்புறம் மோஹரி பீபி வழக்கு. எல்லோரும் "1903, பிரிவி கவுன்சில், மைனர் ஒப்பந்தம் செல்லாது" என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். (பிரிவி கவுன்சில் என்பது ஆங்கிலேயர் காலத்தில் நம் வழக்குகளுக்கு லண்டனில் இருந்த கடைசி மேல்முறையீட்டு மன்றம்.) கதையை முழுசாகப் படித்தால் மறக்கவே மறக்காது. 1895 ஜூலையில் கல்கத்தாவில் தர்மதாஸ் கோஷ் தன் வீடுகளை பிரம்மோ தத் என்ற வட்டிக்கடைக்காரருக்கு 20,000 ரூபாய்க்கு அடமானம் எழுதிக்கொடுக்கிறார். வட்டி 12 சதவீதம். கையெழுத்தாவதற்குச் சில நாள் முன்பே, பையன் மைனர் என்று தாயின் தரப்பு வழக்கறிஞர் கடிதம் எழுதிவிடுகிறார். பிரம்மோ தத்துக்காகக் காரியம் பார்த்தவருக்கு அது தெரியும். தெரிந்தும் பணம் கைமாறுகிறது. அடமானத்தை ரத்து செய்யச் சொல்லி மைனர் சார்பில் தாய் வழக்குப் போடுகிறார். பிரம்மோ தத் இடையில் இறந்துபோக, அவர் மனைவி மோஹரி பீபி வழக்கில் வருகிறார்.

இதில் மூன்று வாதங்களைத் தனித்தனியாக எழுதினால் மதிப்பெண் ஏறும். தான் மேஜர் என்று பையனே எழுதிக்கொடுத்தானே, இப்போது மாற்றிப் பேசலாமா? உண்மை தெரிந்தே கொடுத்தவர் ஏமாந்தேன் என்று சொல்ல முடியாது. சரி, ஒப்பந்தம் செல்லாதென்றால் ஒப்பந்தச் சட்டத்தின் பிரிவு 64, 65-ன்படி பணத்தையாவது திருப்பித் தரவேண்டாமா? அந்தப் பிரிவுகள் ஒப்பந்தம் செய்யத் தகுதியுள்ளவர்களுக்கிடையே நடந்ததைப் பற்றியவை, இங்கே பொருந்தா. நியாயத்தின் பேரிலாவது திருப்பச் சொல்லலாமே? தெரிந்தே கொடுத்த பணத்துக்கு அதுவும் இல்லை. இன்றைய குறித்தவகைத் தீர்வழிச் சட்டம் 1963, பிரிவு 33, மைனர் உண்மையில் பெற்ற பலன் அளவுக்குத் திருப்பித் தரச் சொல்ல நீதிமன்றத்துக்கு இடம் கொடுக்கிறது. அதைக் கடைசி வரியாகச் சேருங்கள்.

இங்கே என் இன்னொரு தப்பையும் சொல்கிறேன். நீதிமன்றம் கார்டியன் நியமித்திருந்தால் மேஜர் வயது 21 என்று எழுதியிருந்தேன், மதிப்பெண் போயிற்று. தர்மதாஸ் விஷயத்தில் அது சரிதான். அவர் தாயை உயர் நீதிமன்றமே கார்டியனாக நியமித்திருந்ததால் அவருக்கு வரம்பு 21. ஆனால் மேஜர் வயதுச் சட்டம் 1875-ஐ 1999-ல் திருத்திவிட்டார்கள். இப்போது எல்லோருக்கும் 18 தான். நான் வாங்கியது பழைய புத்தகக் கடை கைடு. பணம் மிச்சம் பிடிக்க எதை வேண்டுமானாலும் பழையதாக வாங்குங்கள், பேர் ஆக்டை (சட்டத்தின் மூல வாசகம் மட்டும் உள்ள புத்தகத்தை) மட்டும் புதிதாக வாங்குங்கள்.

ஒப்பந்தச் சட்டம் பிரிவு 12-ல் மனநிலை பற்றிய இரண்டு வாக்கியங்களைத் தலைகீழாக மாற்றி எழுதாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அது போதும். பெரும்பாலும் சித்தம் தெளிவில்லாதவரும், தெளிந்திருக்கும் நேரத்தில் ஒப்பந்தம் செய்யலாம். பிரிவு 68-ல் ஒரு சொல் முக்கியம்: அத்தியாவசியப் பொருள் கொடுத்தவர் பணத்தை மைனரின் சொத்திலிருந்துதான் கேட்க முடியும், அவரையே பொறுப்பாக்க முடியாது.

சாமிக்கு வருவோம். இந்தப் பாடத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. எங்கள் ஊர் கோயில் நிலத்துக்குச் சிட்டா எடுத்துப் பார்த்தால் உரிமையாளர் இடத்தில் சாமி பெயர்தான் இருக்கிறது. இந்துக்கள் வழிபடும் மூர்த்தி சட்ட நபர் என்று பிரிவி கவுன்சில் 1925-ல் சொன்னது. உரிமை சாமிக்கு, செயல்படுவது அறங்காவலரோ, கோயிலை நிர்வகிக்க நியமிக்கப்பட்ட தக்காரோ. பத்தூர் நடராஜரை நினைத்துக்கொள்ளுங்கள். அன்றைய தஞ்சை மாவட்டத்தில் 1976-ல் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்த ஐம்பொன் சிலை, கைமாறி லண்டன் வரை போயிற்று. அங்கே நடந்த வழக்கில் கோயிலும் ஒரு தரப்பு, அதன் சார்பில் நின்றவர் தக்கார். கோயில் என்பது வழக்காடும் நபராக இங்கிலாந்துச் சட்டத்தில் கிடையாது. ஆனாலும் நம் சட்டத்தில் அப்படி இருப்பதால், 1991-ல் இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றம் கோயிலின் உரிமையை ஏற்றது. நடராஜர் திரும்பி வந்தார். இதைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

சாமி என்றென்றும் மைனர் என்று மட்டும் எழுதி நிறுத்திவிடாதீர்கள். தனக்காக இன்னொருவர் நிற்கவேண்டும் என்ற அளவில்தான் அந்த ஒப்புமை. வழக்குப் போடும் கெடுவில் மைனருக்குக் கிடைக்கும் காலவரம்புச் சலுகை சாமிக்குக் கிடையாது என்பதை 2019 அயோத்தித் தீர்ப்பும் சொல்கிறது.

கம்பெனிக்கு 1897-ன் சாலமன் வழக்கு ஒன்றே போதும். முதலாளி வேறு, கம்பெனி வேறு. கையெழுத்துப் போடுவது இயக்குநர்கள்.

அரியர் தேர்வில், அக்காவின் நகையை விற்ற 17 வயதுப் பெண்ணைப் பற்றிக் கேட்டிருந்தார்கள். பேனாவைத் திறந்ததும் விடைத்தாளில் முதலில் எழுதியது, "நகை யாருடையது?"