பி.காம். முடித்து ஆடிட்டர் ஆபீஸ் போன கதை

பி.காம். கடைசி செமஸ்டரை 2017 ஏப்ரலில் எழுதினேன். மறைமுக வரிப் பேப்பருக்காகத் மாநில விற்பனை வரியான தமிழ்நாடு வாட், மத்திய கலால், சேவை வரி மூன்றையும் உருப்போட்டிருந்தேன். ஜூலை 1 அன்று அவற்றுக்குப் பதிலாக ஜி.எஸ்.டி. வந்தது. மார்க் ஷீட் கைக்கு வருமுன்பே சேவை வரி போயே போய்விட்டது. வாட்டும் கலாலும் பெட்ரோல், மது, புகையிலை என்ற அளவுக்குச் சுருங்கிவிட்டன.

பி.காம். படித்தால் என்ன வேலை கிடைக்கும் என்று கேட்கும் தம்பி தங்கைகளிடம் நான் சொல்வது ஒன்றுதான். எந்தக் கல்லூரி என்பதைவிட, முடித்ததும் எந்த ஆபீஸில் போய் உட்காருகிறீர்கள் என்பதுதான் பெரிய விஷயம். ஆடிட்டர் ஆவதற்கான சி.ஏ. தேர்வில் பாஸ் ஆவதுகூட அதற்கு அப்புறம்தான். இதைக் கேட்டு ஆடிட்டர்கள் சண்டைக்கு வரலாம், வரட்டும்.

பிளஸ் டூ வரை நான் தமிழ் மீடியம். பேரேடு, இருப்பாய்வு என்று படித்துவிட்டுக் கல்லூரியில் எல்லாம் ஆங்கிலத்தில் வந்தபோது முதல் வருடம் திண்டாட்டம்தான். கணக்கு போடுவதில் சிக்கல் இல்லை, தியரிதான் படுத்தியது. சி.ஏ. தேர்வை ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் எழுத முடியும். எப்படியும் பட வேண்டிய பாட்டைக் கல்லூரியிலேயே பட்டுவிடுவது மேல். அரசு வேலைதான் குறி என்பவர்கள் வேறு மாதிரி யோசிக்க வேண்டும். பள்ளி முதல் பட்டம் வரை தமிழ் வழியில் படித்தவர்களுக்கு டி.என்.பி.எஸ்.சி.யில் 20 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. அதைக் கையில் வைத்துக்கொண்டு ஆங்கில வழிக்குத் தாவினால் நஷ்டம். அப்புறம், பி.காம். சி.ஏ. என்ற பட்டத்தில் வரும் சி.ஏ. கம்ப்யூட்டர் அப்ளிகேஷன். அதில் சேர்த்துவிட்டு, மகள் ஆடிட்டருக்குப் படிக்கிறாள் என்று ஊரெல்லாம் சொன்ன பெற்றோர் எங்கள் தெருவிலேயே உண்டு.

பி.காம்.மில் 55 சதவீதம் இருந்தால் சி.ஏ.வின் முதல் கட்டமான ஃபவுண்டேஷன் தேர்வு எழுதாமல் நேரே இரண்டாம் கட்டமான இன்டர்மீடியட்டில் பதிவு செய்யலாம். வேறு பாடம் படித்த பட்டதாரிகளுக்கு 60 வேண்டும். நான் அந்த நேர் வழியில் போனேன். அப்போதைய விதிப்படி ஒன்பது மாதம் ஆடிட்டர் ஒருவரிடம் ஆர்ட்டிகிள்ஷிப் என்ற பயிற்சி செய்த பிறகுதான் எங்களைப் போன்றவர்கள் இன்டர் எழுத முடியும். ஆக, புத்தகத்தைப் பிரிப்பதற்கு முன்பே ஆபீஸ் தேட வேண்டியதாயிற்று.

கோயம்புத்தூரில் பெரிய ஃபர்ம் ஒன்றில் இடம் இருப்பதாகச் சொன்னார்கள். அங்கே இருந்த சீனியர் அக்காவைக் கேட்டேன். “வருஷம் பூரா ஒரே கம்பெனி, அதுலயும் கொள்முதல் மட்டும். வவுச்சர்ல டிக் போட்டே கை தேஞ்சு போச்சு” என்றார். ஈரோட்டில் மாடியில் ஒரு சின்ன ஆபீஸ், நாலைந்து ஆர்ட்டிகிள் பிள்ளைகள். அங்கே சேர்ந்தேன். பயிற்சிக் காலத்தில் தரும் ஸ்டைபண்ட் ஊரின் மக்கள்தொகையைப் பொறுத்தது. எங்கள் ஊருக்கு முதல் வருடக் குறைந்தபட்சம் அப்போது மாதம் ஆயிரத்தைக்கூடத் தொடவில்லை. பஸ்ஸுக்கும் டீக்கும் சரியாகப் போகும். இதைச் சொன்னால் வீட்டில், “மூணு வருஷம் டிகிரி படிச்சது இதுக்குத்தானா?” என்பார்கள். பதில் எதுவும் எடுபடாது, கேட்டுக்கொள்ள வேண்டியதுதான். பயிற்சி ஒப்பந்தத்துக்கான ஃபார்ம் 102, 103 கையெழுத்தாகி 30 நாளுக்குள் சி.ஏ. இன்ஸ்டிட்யூட்டுக்குப் போய்ச் சேர வேண்டும். ஆரம்பக் காலம் தாண்டிவிட்டால் குறிப்பிட்ட சில காரணங்கள் இருந்தால் ஒழிய ஆபீஸ் மாற விடமாட்டார்கள் என்பதை அந்தக் கையெழுத்துக்கு முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

நான் சேர்ந்த நேரம் ஆபீஸ் ரேஷன் கடை மாதிரி இருந்தது. துணிக்கு அதுவரை வாட் கிடையாது. விசைத்தறிக்காரர்களில் பலர் ஆடிட்டர் ஆபீஸ் படி ஏறியதே இல்லை. ஜி.எஸ்.டி.யில் துணிக்கு 5 சதவீதம் என்றதும் பதிவு எண்ணுக்காக மொத்தமாக வந்தார்கள். “ஏனுங் அம்மிணி, தறி ஓட்டறதுக்கு எதுக்குங் நெம்பரு?” என்று கேட்ட பெரியவர், மஞ்சள் பையில் பில் கட்டோடு வந்திருந்தார். அவர் வாங்குவது பாலியஸ்டர் நூல். அதற்கு 18 சதவீதம் வரி, அக்டோபரில் அது 12 ஆனது. நெய்த துணியை விற்கும்போது 5. வாங்கும்போது கட்டிய வரியை விற்கும்போது கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம். ஆனால் நூலுக்குக் கட்டிய வரியில் ஒரு பகுதி கழியாமல் மாதாமாதம் சேர்ந்துகொண்டே போகும். மற்றப் பல பொருள்களுக்கு அந்த மிச்சத்தை ரீஃபண்டாகக் கேட்கலாம், துணிக்கு முடியாது என்று அறிவிக்கை. “எம்பட காசு அவுங்க கிட்ட கிடக்குது, கேட்டா தரமாட்டாங்களாமா?” என்பார். 2018 ஆகஸ்ட் 1 முதல்தான் துணிக்கும் ரீஃபண்ட் உண்டு என்று மாற்றினார்கள். அதுவரை சேர்ந்து கிடந்தது காலாவதி என்றும் அதே அறிவிக்கை சொன்னது. அதை அவரிடம் சொன்னது நான்தான். இன்டரில் டாக்சேஷன் பேப்பருக்கு, இந்த வரிக் கழிவைப் பற்றிய இன்புட் டாக்ஸ் கிரெடிட்டை நான் தனியாகப் படிக்கவே இல்லை.

ஆடிட்டிங் பேப்பர் புரிந்தது ஒரு ஸ்பின்னிங் மில் கிடங்கில். மார்ச் 31 அன்று சரக்கு எண்ணப் போனோம். பஞ்சுத் தூசியில் தும்மிக்கொண்டே, கையில் இருந்த லிஸ்டைப் பார்த்து 40-ஆம் நம்பர் நூல் மூட்டைகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. கிளம்பலாம் என்றபோது சீனியர் அண்ணன், “இப்ப லிஸ்டை மடிச்சு வை. கண்ணுக்குத் தெரியற மூட்டை பத்தைக் காட்டு, அது லிஸ்டுல இருக்கான்னு பார்ப்போம்” என்றார். மூலையில் தார்ப்பாய்க்குக் கீழே இருந்த மூட்டைகளைக் காட்டினேன். லிஸ்டில் இல்லை. விசாரித்தால், வேறொரு கம்பெனி கூலிக்கு நூற்கக் கொடுத்த பஞ்சில் வந்த நூல். மில்லின் சரக்கு அல்ல, ஆவணமும் இருந்தது. தப்பு ஒன்றும் இல்லைதான். ஆனால் ஏட்டிலிருந்து கிடங்குக்குப் போனால் இல்லாத சரக்கை இருப்பதாகக் காட்டியிருந்தால் தெரியும், கிடங்கிலிருந்து ஏட்டுக்குப் போனால் இருக்கிற சரக்கை மறைத்திருந்தால் தெரியும். கல்லூரிப் புத்தகத்தில் இது ஒரு வரி. வரியை மனப்பாடம் செய்து பத்து மார்க் வாங்கியிருந்தேன்.

தேர்வைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டார்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். பேப்பர்களை இரண்டு குரூப்பாகப் பிரித்திருப்பார்கள். ஒவ்வொரு பேப்பரிலும் 40 வேண்டும், குரூப் மொத்தத்தில் 50 சதவீதமும் வேண்டும். எல்லாவற்றிலும் 45 எடுத்தவர் ஃபெயில். ஒரு பேப்பரில் 60 தொட்டுவிட்டால், குரூப் போனாலும் அடுத்த மூன்று தேர்வு வரை அந்தப் பேப்பரைத் திரும்ப எழுத வேண்டாம். எனவே பலமான இரண்டு பேப்பரை 60-க்கு மேல் தள்ளிவிட்டு மற்றதைக் காப்பாற்றுவதுதான் எல்லோரும் போடும் கணக்கு. உண்மையான எதிரி காலண்டர். வருமான வரிக்காகச் செய்யும் டாக்ஸ் ஆடிட்டுக்குக் கடைசித் தேதி வழக்கமாக செப்டம்பர் 30, அப்போதெல்லாம் தேர்வு நவம்பரில். ஏப்ரல் முழுக்க பேங்க் ஆடிட், தேர்வு மே மாதம். ஆபீஸுக்கு ஆள் வேண்டிய நேரமும் நமக்குப் படிக்க வேண்டிய நேரமும் ஒன்றின்மேல் ஒன்று உட்கார்ந்திருந்தன.

எனக்கு இன்டர் இரண்டு குரூப்பும் முடிந்தது. ஃபைனலில் ஒன்று வந்தது, மற்றது வரவில்லை. அதோடு வாழ்க்கை நின்றுவிடவில்லை. வேலை விளம்பரங்களில் ‘சி.ஏ. இன்டர், ஆர்ட்டிகிள்ஷிப் முடித்தவர்’ என்று தனியாகவே கேட்கிறார்கள். அப்படித்தான் திருப்பூரில் ஓர் ஏற்றுமதிக் கம்பெனியில் சேர்ந்தேன். பேங்குக்கு மாதாந்திர ஸ்டாக் ஸ்டேட்மென்ட், ஏற்றுமதி ரீஃபண்ட், ஒரு டி-ஷர்ட்டுக்கு நூல் முதல் பேக்கிங் வரை என்ன அடக்கம் என்ற கணக்கு, இவைதான் என் வேலை. கடைசியில் சொன்ன அடக்க விலைக் கணக்கு பிடித்துப்போனால் அதற்கென்றே இருக்கும் சி.எம்.ஏ. படிப்புப் பக்கம் போகலாம். மில்கள் நிறைந்த இந்தப் பகுதியில் அதற்கு மதிப்பு உண்டு, ஏனோ நம் பிள்ளைகள் அதை இரண்டாம்பட்சமாகவே பார்க்கிறார்கள்.

என்னோடு பி.காம். படித்தவர்கள் நாலா பக்கமும் இருக்கிறார்கள். ஒருத்தி மத்திய அரசுப் பணிகளுக்கான எஸ்.எஸ்.சி. தேர்வு எழுதி, அரசுக் கணக்குகளைத் தணிக்கை செய்யும் சி.ஏ.ஜி. அலுவலகத்தில் ஆடிட்டர். மத்திய அரசு வேலைக்கு வடக்கே போகத் தயங்குவதால் பலர் இந்த வழியைக் கவனிப்பதே இல்லை. இரண்டு பேர் சென்னையில், வெளிநாட்டுக் கம்பெனிகளின் கணக்கை இங்கிருந்தே பார்க்கும் மையங்களில். ஏ.சி., கேப், நல்ல சம்பளம். ஆனால் சப்ளையர் பில்லை மட்டுமே பார்ப்பவருக்கு மூன்று வருடம் கழித்தும் பேலன்ஸ் ஷீட் போடத் தெரிவதில்லை. உள்ளே போனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வேறு வேலை கேட்டு நச்சரிக்க வேண்டும். இன்னொருவன் வியாபாரிகளுக்கு ஜி.எஸ்.டி. கணக்கைத் தாக்கல் செய்துதரும் ஜி.எஸ்.டி. பிராக்டிஷனர். வணிகவியல் பட்டதாரி அதற்குப் பதிவு செய்து தேர்வு எழுதலாம். எங்கள் எல்லோரையும்விட அவன் கையில்தான் இன்று காசு அதிகம் புழங்குகிறது.

இப்போது சேருகிறவர்களுக்கு விதிகள் மாறிவிட்டன. 2023-இல் வந்த புதிய திட்டத்தில் ஆர்ட்டிகிள்ஷிப் இரண்டு வருடம்தான். இன்டரில் எட்டுப் பேப்பர் ஆறாகிவிட்டது. 2024 முதல் இன்டர் தேர்வும் வருடத்துக்கு மூன்று முறை. இரண்டே வருடம் என்பதால் ஆபீஸைத் தேர்ந்தெடுப்பதில் இன்னும் கவனம் வேண்டும், சும்மா உட்கார்ந்து போக்க நேரம் கிடையாது. இன்டர்வியூவில் இரண்டு விஷயம் கேளுங்கள். எந்தெந்தத் தொழில் செய்கிற கிளையண்ட்கள் இருக்கிறார்கள்? கிளையண்ட் இடத்துக்கு ஆர்ட்டிகிள்களை அனுப்புவார்களா, இல்லை டேலி கணக்கு சாஃப்ட்வேரில் என்ட்ரி போடத்தானா? பரீட்சை லீவ் எவ்வளவு என்பதை மட்டும் ஆடிட்டரிடம் கேட்காதீர்கள். கீழே டீக்கடைக்கு வரும் அந்த ஆபீஸ் ஆர்ட்டிகிள் பையனிடம் கேளுங்கள்.