பெஞ்சை விட்டு எழுந்திருக்காதவர்கள்

மாதத்தின் முதல் ஞாயிறு எங்கள் சபையில் திருவிருந்து, அதாவது இயேசுவின் நினைவாக அப்பமும் திராட்சரசமும் வாங்குகிற ஆராதனை. ஐயர் (எங்கள் சபைப் போதகர்) அழைத்ததும் வரிசை வரிசையாக எழுந்து பலிபீடத்தின் முன் முழங்கால்படியிடப் போவோம். பின்பெஞ்சுகளில் சிலர் மட்டும் அசையவே மாட்டார்கள். திடப்படுத்தல் எடுக்காததால் திருவிருந்தில் இன்னும் சேராத பிள்ளைகளைச் சொல்லவில்லை. பாமாலையைப் புத்தகம் பார்க்காமல் பாடுகிற, தசமபாகம் தவறாத பெரியவர்களைச் சொல்கிறேன். பெங்களூரு கன்டோன்மென்ட் பக்கத்துத் தமிழ்ச் சபைகளில் இப்படி நாலு பேராவது இருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

என் மாமியார் அவர்களில் ஒருவர். கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "பேரைப் போட்டுராத, மத்தபடி எழுது" என்றார்.

அத்தைக்குச் சொந்த ஊர் நாசரேத் பக்கம். மாமா ஐ.டி.ஐ. தொலைபேசித் தொழிற்சாலையில் வேலை பார்த்த காலத்தில் லிங்கராஜபுரத்தில் ஒரு சைட் விலைக்கு வந்தது. கையில் பணம் போதவில்லை. ஊரிலிருந்த தங்கை தன் கல்யாண நகையில் பதினாறு பவுனைக் கழற்றிக் கொடுத்தார். அடகு வைத்து, ஒரு வருஷத்தில் மீட்டுத் தருவதாகப் பேச்சு. வீடு எழும்பியது, நகை மூழ்கிப் போனது. அதைத் தங்கையிடம் சொல்லாமல் அடுத்த போனஸ், அடுத்த போனஸ் என்று அத்தை தள்ளிக்கொண்டே போனார். தங்கையின் புகுந்த வீட்டில் "நகை எங்கே?" என்ற கேள்வி ஓயவில்லை. உண்மை தெரியாமலே தங்கை மஞ்சள் காமாலையில் போய்விட்டார்.

அன்றிலிருந்து அந்தத் தங்கை மகளுக்கு மாதாமாதம் பணம் போகிறது. முன்பு மணியார்டர், இப்போது என் போனிலிருந்து ஜிபே. முதல் தேதி காலையில் காபி வருவதற்கு முன்னால் "அனுப்பிட்டியாம்மா?" வந்துவிடும்.

"நீங்க என்ன வேணும்னா பண்ணினீங்க?" என்று அவரைத் தேற்றுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. பொய் சொன்னார், ஒரு பெண் அதனால் கஷ்டப்பட்டாள். தப்பே நடக்கவில்லை என்றால் கிருபைக்கு அங்கே என்ன வேலை?

அத்தை பெஞ்சிலேயே உட்கார்ந்திருப்பதற்கு அவர் காட்டும் வேத வசனம் 1 கொரிந்தியர் 11, கொரிந்து ஊர்ச் சபைக்குப் பவுல் எழுதிய கடிதம். அபாத்திரமாய், அதாவது தகுதியில்லாமல், புசிக்கிறவன் தனக்கு ஆக்கினைத்தீர்ப்பை வரவழைத்துக்கொள்கிறான். சிறு வயதில் ஊர்க் கோயிலில் கேட்ட பிரசங்கம் இன்னும் அவருக்குள் முழங்குகிறது. ஆனால் அந்த அதிகாரத்தைப் பத்து வசனம் முன்னாலிருந்து வாசித்துப் பாருங்கள். கொரிந்து சபையில் அப்போது கர்த்தருடைய பந்தி சாப்பாட்டோடு சேர்ந்து நடந்தது. வசதியுள்ளவர்கள் முந்திக்கொண்டு சாப்பிட்டுக் குடித்தார்கள். இல்லாதவர்கள் பசியோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். நம் திருநெல்வேலி அசனப் பண்டிகையில் கமிட்டிக்காரர்கள் கறியை முதல் பந்தியிலேயே காலி பண்ணிவிட்டு, கடைசிப் பந்திக்கு வெறும் சோறு போட்டால் எப்படியிருக்கும்? பவுலின் கோபம் அதன்மேல். அழுதுகொண்டு பின்பெஞ்சில் இருக்கிறவள்மேல் அல்ல. தன்னைச் சோதித்தறிந்து, அதன்பின் புசிக்கச் சொல்கிறார். சோதித்துவிட்டு வீட்டுக்குப் போகச் சொல்லவில்லை. அவர் சொல்லி முடிக்கிற புத்தியும் 33ஆம் வசனத்தில் இருக்கிறது: ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள்.

போதாததற்கு, பந்திக்குப் போகுமுன் சபையே சேர்ந்து ஒரு ஜெபம் சொல்கிறோம். 1548இல் இங்கிலாந்தின் பேராயர் தாமஸ் கிரான்மர் எழுதியது. உமது பந்தியின் கீழே விழும் துணிக்கைகளுக்குக்கூட நாங்கள் பாத்திரரல்ல என்று அதில் வரும். அத்தை அதைக் கணீரென்று சொல்வார். சொல்லிவிட்டு உட்கார்ந்துகொள்வார்!

இதையெல்லாம் ஒருநாள் கீரை ஆய்ந்துகொண்டே சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"ஆண்டவர் மன்னிச்சிட்டாரு, சரி. எந் தங்கச்சி மன்னிச்சாளா? அவகிட்ட யாரு கேப்பா?"

இதற்குப் பதில் சொல்ல எனக்கு நாளாயிற்று. உரியாவின் கதையில்தான் எனக்குக் கொஞ்சம் வெளிச்சம் கிடைத்தது. தாவீது ராஜா தன் போர்வீரன் உரியாவின் மனைவியை எடுத்துக்கொண்டான், அவனைப் போர்முனையில் நிறுத்திச் சாகடித்தான். உரியாவிடம் போய் மன்னிப்புக் கேட்க வழியே இல்லை. "நான் கர்த்தருக்கு விரோதமாய்ப் பாவஞ்செய்தேன்" என்று தாவீது சொன்ன அதே இடத்தில், கர்த்தர் உமது பாவம் நீங்கச்செய்தார் என்று தீர்க்கதரிசி நாத்தான் பதில் சொல்கிறான். அதன் விளைவுகள் தாவீதின் வீட்டைவிட்டுப் போகவில்லை, அவளிடம் பிறந்த குழந்தையும் பிழைக்கவில்லை. ஆனாலும் மன்னிப்பு நிலுவையில் நிற்கவில்லை. செத்துப்போனவர்களுக்காகப் பேசுகிற உரிமை அவர்களைப் படைத்தவருக்கு இருக்கிறது என்று நான் எடுத்துக்கொள்கிறேன். இது உரியாவுக்கு நியாயமா என்று கேட்டால், எனக்கும் முழுசாக ஆறவில்லை.

"அப்ப சகேயு?" என்றார் அத்தை. "அவன் நாலத்தனையாக் கொடுத்தானே. பதினாறு பவுனுக்கு அறுபத்துநாலு. இன்னிக்குப் பவுன் என்ன வெல விக்குது தெரியுமா?"

சகேயு பைபிளில் வருகிற வரிவசூல்காரன், அநியாயமாய் வாங்கியதை நாலு மடங்காகத் திருப்பிக் கொடுக்கிறேன் என்றவன். அத்தை இந்தக் கணக்கை ரொம்ப நாளாக மனதில் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார். பின்னாளில் புராட்டஸ்டண்டு சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூத்தரும் ஜெர்மனியில் எர்ஃபர்ட் மடத்தில் இளம் துறவியாக இருந்தபோது இப்படித்தான், சில நாள் ஆறு மணி நேரம்வரை பாவ அறிக்கை செய்வாராம். முடித்துவிட்டு வந்தால் விட்டுப்போன ஒன்று ஞாபகம் வரும்.

லூக்கா 19ஐ எடுத்து வரிசையைக் காட்டினேன். இயேசுவைப் பார்க்க ஏறிய மரத்தில் சகேயு இருக்கும்போதே, ஒரு காசு திருப்பிக் கொடுக்குமுன்பே, இன்று உன் வீட்டில் தங்கவேண்டும் என்கிறார் இயேசு. நாலத்தனை பேச்சு அதற்கப்புறம்தான்.

"அப்ப பணம் அனுப்புறத நிறுத்தணுங்கியா?"

"யார் அத்தை நிறுத்தச் சொன்னது? அந்தப் பிள்ளைக்கு அது சேரவேண்டியது. அனுப்புங்க. ஆனா சாப்பாட்டுக்குக் கூப்பிட்டவர்கிட்ட ரசீதைக் காட்டாதீங்க."

கீரைத் தண்டை ஒடித்துக்கொண்டு, "நல்லாத்தான் பேசுத" என்றார்.

போன முதல் ஞாயிறும் எழுந்திருக்கவில்லை. கேட்டதற்கு முழங்கால் வலி, முன்னால்வரை நடக்க முடியாது என்றார். இது புதுக் காரணம். அபாத்திரம் என்கிற பேச்சு வரவில்லை என்பதைக் கவனித்தேன். ஐயரிடம் சொன்னேன். முடியாதவர்களுக்குப் பெஞ்சுக்கே கொண்டுவந்து கொடுப்பது வழக்கம்தானே, அடுத்த மாதம் கொண்டுவருகிறேன் என்றார். அத்தையிடம் சொல்லியிருக்கிறேன். இதுவரை வேண்டாம் என்று சொல்லவில்லை.