வராந்தாவில் ஆறு நிமிடம்

ஜூன் 3, செவ்வாய்

மயக்க மருந்து டாக்டரான என்னிடம், பெருங்குடல் புற்று ஆபரேஷனை உடம்பு தாங்கும் என்ற ஃபிட்னஸ் சான்று வாங்க 66 வயதுப் பெரியவர் வந்தார். ஈசிஜி, எக்கோ என்ற இதய ஸ்கேன் எல்லாம் சரி. "கையெழுத்துதான் பாக்கி சார்" என்றார் மகன்.

"ரெண்டு மாடி ஏறுவீங்களா ஐயா?"

"ஏறுவேன் டாக்டர்."

ஊரில் ஓட்டு வீடு, படியே கிடையாது என்பது அப்புறம்தான் தெரிந்தது. எக்கோ படுக்கவைத்து எடுப்பது. வயிற்றைத் திறந்தபின் பல நாள் உடம்பு கூடுதல் ஆக்சிஜன் கேட்கும். அதைத் தாங்குமா என்று படுத்திருக்கும் இதயம் சொல்லாது. 30 மீட்டர் வராந்தாவில் ஆறு நிமிடம் நடக்கச் சொன்னேன், கூடவே நானும். நாலாவது நிமிடம் ஜன்னல் கம்பியைப் பிடித்து நின்றுவிட்டார். உதடு குவித்து மூச்சு விட்டார். விரலில் மாட்டிய கருவியில் ஆக்சிஜன் அளவு 96 இருந்தது 88 ஆகியிருந்தது. மொத்தம் 270 மீட்டர். சட்டைப் பையில் பீடிக்கட்டு.

2018இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வு நினைவுக்கு வந்தது. 1,401 நோயாளிகள். உடல்திறன் குறைந்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவரைத்தான் டாக்டர்களின் கணிப்பு பிடித்தது. கேட்டுத் தெரிந்துகொண்டால் போதும் என்று இனி இருக்க மாட்டேன்.

ஜூன் 4, புதன்

சர்ஜனிடம் பேசி மூன்று வாரம் வாங்கினேன். "அதுக்குள்ள கட்டி வளர்ந்துடாதா?" என்று மகன் கலங்கினார். நியாயமான பயம். நாலு வாரம் கிடைத்தால் நுரையீரலுக்கு நல்லது, ஆனால் புற்று காத்திருக்காது. பீடி இன்றோடு நிறுத்தம். ஹீமோகுளோபின் 8.4, இரும்புச்சத்து ட்ரிப்ஸில். மூன்று பந்துக் கருவியில் மூச்சை உள்ளிழுக்கும் பயிற்சி. காலை மாலை நடை.

ஜூன் 10, செவ்வாய்

கர்ப்பப்பை ஆபரேஷனுக்கு வந்த பாட்டி, "தெம்பே இல்ல கண்ணு" என்றார். உடல்திறனைக் கேட்டு அளக்க 1989இல் வந்த டியூக் கேள்வித்தாளில் 12 கேள்விகள். ஒன்றில் கோல்ஃப் வருகிறது. நான் தண்ணீர்க் குடத்தைக் கேட்டேன். தெருக்குழாயிலிருந்து தினம் ஆறு குடமாம், இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று. வராந்தாவில் 410 மீட்டர் நடந்தார், நிற்கவே இல்லை.

ஜூன் 25, புதன்

பெரியவர் நேற்று 345 மீட்டர். நிற்கவில்லை, ஆக்சிஜன் 92க்குக் கீழே போகவில்லை. இன்று ஆபரேஷன். மேஜையிலேயே செயற்கைச் சுவாசக் குழாயை எடுத்துவிட்டோம், தானாக மூச்சு விட்டார்.

ஜூன் 28, சனி

வார்டில் மகன் தோளைப் பிடித்துக்கொண்டு கழிவறை வரை போய்வந்தார். தலையணை பக்கத்தில் அந்தக் கருவி. "ரெண்டு பந்துதான் ஏறுது டாக்டர், மூணாவது வலிக்குது" என்றார். வலி மருந்தைக் கூட்டி எழுதிவிட்டு வந்தேன்.